படிக்கட்டில் நிற்கிற ஆள்

ஏரியில் ஒரே படகு இரண்டு இடத்தில் மிதந்தது. அதே சிவப்புக் கோடு போட்ட படகு, அதே கிழவர், நெற்றியைத் துடைக்கிற அதே வலது கை. டச்சப் வேலைக்கு வந்த புதிதில் எல்லாரும் செய்கிற தப்பு இது. அவள் இந்தத் தப்பைத் தலைமுழுகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நேற்று கம்ப்யூட்டரை அணைக்கும்போது ஏரியில் ஒரு படகுதான் இருந்தது என்று அடித்துச் சொல்வாள். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? அறையில் அவளையும் ஸ்கேனரையும் விட்டால் வேறு நாதியில்லை.

"சனியனே, எங்கிருந்துடா வந்தே?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். கிழவர் பதில் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் சொல்லவில்லை.

மேஜைமேல் அசல் படம் விரிந்து கிடந்தது. மலைமேல் ஒரு ஏரி, ஏரியைச் சுற்றி ஒரு சுற்றுலா ஊர். அந்தக் காலத்தில் டூரிஸ்டுகளுக்குக் கொடுக்க யாரோ கையால் வரைந்து அச்சடித்த வரைபடம். வரைந்தவருக்கு அளவு கிளவு என்பதெல்லாம் கிடையாது. மஞ்சள் குடை பிடித்த அம்மாள் மரத்தைவிட உயரம், படகுக்காரர் படகைவிடப் பெரியவர், தண்ணீரிலிருந்து துள்ளுகிற மீன் ஹோட்டலையே விழுங்கிவிடும் போல வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஹோட்டலுக்குப் பின்னால் வேலையாட்கள் குடியிருப்பு. அதன் படிக்கட்டில் வெள்ளைத் தொப்பியும் தோளில் துண்டுமாக ஒரு சமையல்காரர், யாரையோ கூப்பிடுவதுபோல வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றார். அங்கிருந்து புறப்படும் சாலை வளைந்து வளைந்து மலையிறங்கி, தாளின் ஓரத்துக்கு வந்து ஓர் அம்புக்குறியில் முடிந்தது. பக்கத்தில் 'நகரத்துக்கு' என்று எழுதியிருந்தது. அந்த நகரத்தில்தான், ஒரு வாடகை வீட்டின் மூன்றாவது மாடியில், அவள் உட்கார்ந்து ஏரியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

தாளின் கோலத்தைக் கேட்கவே வேண்டாம். ஹோட்டல் ஸ்டோர் ரூமில் எத்தனை வருஷம் கிடந்ததோ, எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் விரிசல் விட்டிருந்தது. கரையோரம் ஈரக்கறை. அங்கங்கே பூச்சி தின்ற ஓட்டை. எல்லாவற்றையும்விட அந்த ஈரம்தான் எரிச்சல். மின்விசிறிக்கடியில் போட்டாயிற்று, ஜன்னல் வெயிலில் போட்டாயிற்று, தொட்டால் இன்னமும் விரலில் சில்லென்று ஒட்டியது. அறை முழுக்கப் பாசி வாசம்.

"என்னம்மா இது, ரூமுக்குள்ள மீன் தொட்டி வச்சிருக்கியா?" என்று மாமியார் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தபடி தினமும் கேட்டாள்.

"பழைய பேப்பர் அத்தை. ஹோட்டல் படம்."

"ஹோட்டல் படத்துக்கு எதுக்கு இந்த நாத்தம்?"

அவள் மின்விசிறியை இன்னும் வேகமாக வைத்தாள்.

டச்சப் என்றால் ஒட்டுப் போடுகிற வேலை, வேறொன்றும் இல்லை. கெட்டுப்போன இடத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கிற இடத்தைத் தொட்டு எடுத்து, கெட்டதன்மேல் தடவுவது. தண்ணீரில் விரிசலா, பக்கத்துத் தண்ணீரை எடு. புல்லில் ஓட்டையா, பக்கத்துப் புல்லை எடு. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே அலை நாலு இடத்தில் அடிக்கும், பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். பக்கத்தில் ஆள் நின்றால் கவனமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புல்லோடு சேர்ந்து அவன் காதும் வந்துவிடும். பல வருஷம் ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ பார்த்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வேறு போட்டோவிலிருந்து கண்ணைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். வராத மாமனாரை வரிசையில் நிறுத்தியிருக்கிறாள். இந்தப் பொம்மைப் படம் எம்மாத்திரம் என்றுதான் ஒத்துக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

அவள் புருஷன் அந்த ஏரிக்கரை ஹோட்டலில்தான் சமையல்காரர். வீட்டுக்கு வந்து மாசக்கணக்காகிறது. சீசன், சீசன் என்று சொல்லியே மேனேஜர் லீவைத் தள்ளிக்கொண்டு போனார். வரவேற்பறைச் சுவருக்குப் பழைய படத்தைப் புதுசாக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், "என் வீட்டுக்காரி செய்வா சார்" என்று இந்த மனுஷன் வாயைக் கொடுத்தார். மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டார். படம் முடியட்டும், அன்னைக்கே நீ கிளம்பலாம் என்றுவிட்டார். ஆக, இவள் படத்தை முடித்தால்தான் அவருக்கு விடுதலை. இந்தத் தடவை வந்தால் திரும்பிப் போவதில்லை, இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவருடைய தட்டில் சோறு போட்டு எதிரே உட்கார வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆசையை வெளியே சொல்லாமல் படத்தைத் திட்டினாள்.

மேனேஜரின் குரல் செய்தி ஒவ்வொன்றும், "மேடம், ஒரு சின்னத் திருத்தம்" என்றுதான் ஆரம்பிக்கும். அவளுடைய போனில் அவர் பெயரே சின்னத் திருத்தம். ஏரி இன்னும் நீலமா வேணும். சின்னத் திருத்தம். அவ்வளவு நீலம் வேண்டாம். சின்னத் திருத்தம். மீன் சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்கும். மீன் எப்படி ஐயா சிரிக்கும்? அதையும் சிரிக்க வைத்தாள். பார்த்துவிட்டு, பழைய மீனே பரவாயில்லை என்றார்.

இரண்டாவது படகை அழித்துவிட்டு நிமிர்ந்தபோது புருஷனின் போன்.

"ஒரு தமாஷ் கேளு. நம்ம படகுத் தாத்தா இல்ல? காலையில அவரு ரெண்டு படகு ஓட்டிட்டு இருந்தாரு."

"ஒரு படகை இழுத்துட்டுப் போனாரா?"

"இல்லம்மா. இந்தப் படகுலயும் அவரு, அந்தப் படகுலயும் அவரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நெத்தியத் துடைக்கிறாங்க. கிச்சன் ஜன்னல்லேர்ந்து நானே பார்த்தேன்."

"ராத்திரி என்ன குடிச்சீங்க?"

"அட, இந்த ஊர்லயே குடிக்காதவன் நான் ஒருத்தன்தான். இப்ப ஒரு படகுதான் இருக்கு. ஆனா தாத்தா கரைக்கு வரமாட்டேங்கிறாரு. நடு ஏரியில நின்னுகிட்டு தண்ணிக்குள்ள எட்டி எட்டிப் பார்க்கிறாரு. எதையோ தவற விட்டவரு மாதிரி."

அவளுக்கு முதுகில் லேசாகச் சிலிர்த்தது. தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏசி இல்லாத அறையில் ஏன் குளிர்கிறது என்று ஒருதரம் நினைத்தாள், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அவ்வளவுதான். பேச்சை மாற்ற, முந்தின நாள் செய்த ஒரு குறும்பை அவரிடம் சொன்னாள். படிக்கட்டில் நின்ற சமையல்காரருக்கு முகமே இல்லை. மடிப்பு சரியாக அவர் மூஞ்சியில் ஓடி, தாள் உரிந்து வெள்ளையாகப் போயிருந்தது. முகத்துக்குப் பக்கத்து முகத்தை எடுக்க முடியாதே. அதனால் தங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்து, மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற புருஷனின் முகத்தை எடுத்து, கடுகளவுக்குச் சுருக்கி, தொப்பிக்குக் கீழே வைத்துவிட்டாள். சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து பார்த்தபோது அவளுக்கே வெட்கமாகச் சிரிப்பு வந்தது.

"உங்களைப் படத்துல வச்சுட்டேன். படிக்கட்டுல நிக்கிறீங்க."

"அப்ப அவனையே அடுப்படிக்குப் போகச் சொல்லு. நான் கிளம்பி வர்றேன்" என்றார் அவர். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

மறுநாள் மழை. காலையிலிருந்தே வானம் இடிந்து விழுகிற மாதிரி கொட்டியது. அன்றைக்கு எப்படியும் படத்தை மேனேஜர் தலையில் கட்டிவிடுவது என்று உட்கார்ந்தாள். கரையோர ஈரக்கறையைப் புல்லால் மூடி அனுப்பினாள். உடனே வந்தது.

"மேடம், ஒரு சின்னத் திருத்தம். புல்லுக்கு நடுவுல மஞ்சள் குடை ஒன்னு எக்ஸ்ட்ராவா இருக்கு. ஒரு கை பிடிச்சிருக்கு. கை மட்டும்தான் இருக்கு."

பார்த்தாள். இருந்தது. குடைக்கார அம்மாளுக்குப் பக்கத்திலிருந்து புல்லை எடுத்தபோது குடையும் முழங்கை வரைக்குமான கையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டிருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. துடைத்துவிட்டு அனுப்பினாள்.

"மேடம், ரோடு வெறிச்சோடிக் கிடக்கு. ஜனங்க நடந்து வர்ற மாதிரி போடுங்க. ஊரு கலகலன்னு இருக்கணும்."

முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? ஜனங்களுக்கு எங்கே போவது? குடை அம்மாள் மரத்தைவிட உயரம், சாலையில் நிறுத்தினால் பூதம் மாதிரி இருப்பாள். படகுக்காரருக்கு இடுப்புக்குக் கீழே கால் இல்லை. நேராக நிற்கிற ஒரே ஆள் படிக்கட்டுச் சமையல்காரர்தான். மற்ற நாளாக இருந்தால் ஆளுக்கு ஆள் சட்டை நிறம் மாற்றி, ஒருவனை இந்தப் பக்கமும் இன்னொருவனை அந்தப் பக்கமும் திருப்பி, அரை நாள் உட்கார்ந்திருப்பாள். அன்று அவளுக்குப் பொறுமையெல்லாம் வற்றிப்போயிருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்! தொட்டு எடுத்தாள். அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தாள். அதற்குப் பின்னால் ஒன்று. வளைவில் ஒன்று. மலை ஏற ஏற ஒவ்வொன்றாக, கடனே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, மவுஸை ஆணி அடிப்பதுபோல அழுத்தினாள். வெள்ளைத் தொப்பி, துண்டு, உயர்த்திய கை. வெள்ளைத் தொப்பி, துண்டு, உயர்த்திய கை. சாலை நிறைந்தது.

"சூப்பர் மேடம்! தொப்பி போட்ட டூரிஸ்ட் எல்லாம் அருமை. ஒரு சின்னத் திருத்தம். குடியிருப்புப் படிக்கட்டுல நிக்கிற ஆள் மட்டும் வேண்டாம். கெஸ்ட் பார்க்கிற படத்துல சமையல்காரன் மூஞ்சி எதுக்கு?"

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஜன்னல் வழியாக எறிந்திருப்பாள். மாசக்கணக்காக அந்த மூஞ்சி வடித்துக் கொட்டுவதைத்தானே தின்கிறாய்! மூஞ்சி வேண்டாமா? எடுத்துக்கொள். படிக்கட்டுக் கல்லின் சாம்பல் நிறத்தைத் தொட்டு, அந்தக் கடுகு முகத்தின்மேல் ஒரே இழுப்பு. முகம் போய்விட்டது. தொப்பியையும் உடம்பையும் அழிக்க மனசு வரவில்லை, பொறுமையும் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ தூண் மாதிரி இருக்கும், போதும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக வைத்திருந்த அடுக்குகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சேமித்து, அனுப்பி, மூடினாள். அப்படிச் சேர்த்துவிட்டால் எதையும் திரும்பப் பிரிக்க முடியாது என்று தெரியும். பிரிக்க வேண்டி வராது என்று நினைத்தாள்.

"ஓகே மேடம். பிரிண்ட்டுக்கு அனுப்புறேன்."

வேறொன்றும் இல்லை. திருத்தம் இல்லை. அவள் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள். ஹாலுக்கு ஓடி, "அத்தை, வர்றாரு! இன்னைக்கே வர்றாரு!" என்று கத்தினாள். மாமியார் டிவியை அணைத்துவிட்டு அப்போதே அரிசி களையப் போனாள்.

சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும்போது பஸ்ஸிலிருந்து போன் செய்தார். பின்னால் மழை இரைந்தது, வைப்பர் கிறீச்சிட்டது.

"கிளம்பிட்டேம்மா. இனிமே அந்த ஊர்ப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"ஏன், மேனேஜர் ஏதாவது சொன்னாரா?"

"அவனை விடு. காலையில கரையில ஒன்னு பார்த்தேன். சொன்னா நீ சிரிப்பே." குரலைத் தாழ்த்தினார். "மஞ்சள் குடை ஒன்னு. மழையில புல்லுமேல நிக்குது. யாரோ பிடிச்சிட்டு நிக்கிறாங்கன்னு போனேன். கை இருந்துச்சு."

"கை?"

"முழங்கை வரைக்கும். அதுக்கு மேல புல்லுதான் தெரிஞ்சுது. நான் பார்த்துட்டு இருக்கும்போதே காணாமப் போயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. அதைப் படத்திலிருந்து துடைத்தது அவள்தான். காலையில். அவள் துடைத்தபோதுதான் அது போயிருக்கிறது. படகு. கிழவர். தண்ணீருக்குள் எதையோ தேடுகிற கிழவர்.

"கேட்குதா? ஹலோ?"

"கேட்குது. நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

"நல்லாத்தான் இருக்கேன். முகம் மட்டும் மரத்துப்போன மாதிரி இருக்கு. மத்தியானத்துலேர்ந்தே. பல் டாக்டர் ஊசி போட்டா இருக்குமே, அப்படி. மழைத் தண்ணியா என்னன்னு தெரியல, துடைக்கத் துடைக்க வழவழன்னு இருக்கு." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு துணிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "பக்கத்து சீட்டு ஆளு என்னைப் பார்த்துட்டு எழுந்து முன்னாடி போயிட்டாரு. ஏம்மா? என் மூஞ்சியில என்ன இருக்கு?"

என்னவென்று சொல்வாள்? உங்கள் முகத்தை நான்தான் அழித்தேன் என்றா?

"வெச்சுடாதீங்க. போனை வெச்சுடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டே அறைக்கு ஓடினாள். கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். பாசி வாசம் இப்போது மூக்கில் அறைந்தது. மேஜைமேல் அசல் படத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது, மேஜை விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. சேமித்த படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். படிக்கட்டு. தொப்பி. துண்டு. நடுவில் சாம்பல் நிறக் கல்.

"ரோட்டுல..." என்றது போனில் குரல். "ரோட்டுல வரிசையா... ஆளுங்க நடக்கிறாங்க. எல்லாம் தொ... தொப்பி..."

"பார்க்காதீங்க! அந்தப் பக்கம் பார்க்காதீங்க!"

வார்த்தைகள் குழைந்தன. ம்ம் என்று ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை. மழையும் வைப்பரும் மட்டும். இணைப்பு துண்டிக்கப்படவில்லை, திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூச்சு கேட்கிறதா என்று காதை அழுத்தினாள். அது மூச்சா மழையா என்று தெரியவில்லை.

முகத்தைத் திரும்ப வைக்க வேண்டும். அவ்வளவுதானே! ஒருதரம் வைத்தவள்தானே! கல்யாண ஆல்பம் எந்த மூலையில் கிடக்கிறது? மவுஸ் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. தேடு. இது இல்லை. இதுவும் இல்லை. இதோ, மாலையும் கழுத்துமாக. திறக்கிறது. மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல, நெற்றி, புருவம்.

கரண்ட் போயிற்று.

யுபிஎஸ் பேட்டரி பீப் என்றது. இன்னொரு பீப். புருவத்துக்குக் கீழே கண் வந்தது. "வா, வா, வா, ஐயோ சீக்கிரம் வா" என்று அவள் திரையைப் பிடித்துக் குலுக்கினாள். மூக்கு. பீப். நீளமாக ஒரு பீப். திரை அணைந்தது.

இருட்டு. மேஜையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்.

அப்போது வாசலில் கேட்டது. டப், டப். அவருடைய பழக்கம் அது. செருப்பைக் கழற்றி, சுவரில் இரண்டு தட்டுத் தட்டிச் சேற்றை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். வீட்டில் மணி இருந்தும் யாரும் அவருக்காக மணிச் சத்தத்தை எதிர்பார்த்ததில்லை. ஆனால் அவர் பஸ்ஸில் இருக்கிறார். மலையே இன்னும் இறங்கியிருக்க மாட்டார்.

"வந்துட்டான்! வந்துட்டான்!" மாமியார் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு போவது கேட்டது.

"அத்தை, திறக்காதீங்க!"

டப், டப். இரண்டே தட்டுத்தான். ஆனால் கனமான தட்டு. படிக்கட்டுச் சுவர் முழுவதையும் ஒரே நேரத்தில் தட்டியது மாதிரி.

தாழ்ப்பாள் விலகியது.

அவள் ஹாலுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வாசலில் புருஷன் நின்றார். வெள்ளைத் தொப்பி, தோளில் துண்டு, வலது கை உயர்ந்திருந்தது. இவ்வளவு மழையில் தொப்பி நனையவில்லை. வழுவழுவென்று மழித்த முகம், கல்யாணத்தன்று இருந்த வயசு, அன்றைக்கு போட்டோக்காரர் சொல்லிச் சிரித்த அதே சிரிப்பு. அவருக்குப் பின்னால், இரண்டு படி கீழே, வெள்ளைத் தொப்பி. துண்டு. உயர்ந்த கை. அதே சிரிப்பு. அதற்கும் கீழே. அதற்கும் கீழே. படி திரும்புகிற இடம் வரைக்கும் வரிசை, எல்லாக் கையும் ஒரே உயரத்தில், எல்லாச் சிரிப்பும் அவளைப் பார்த்து.

மாமியார் முன்னால் நின்றவனின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டியவள், நீட்டியபடியே நின்றுவிட்டாள். விளக்கு நடுங்கியது.

"ஏம்மா," என்றாள், திரும்பாமல். "இதுல எதும்மா நம்ம பிள்ளை?"

அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

கையில் போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. மழை இரைச்சல் நின்றிருந்தது. போனுக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் தட்டுவதுபோல, மெல்லக் கேட்டது. டப், டப்.

படி திரும்பும் இடத்தில், வரிசைக்குக் கடைசியில், எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் ஒருவர் நின்றார். அவர் ஒருவர்தான் கையை உயர்த்தவில்லை. அவர் ஒருவர்தான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் தோளிலிருந்த துண்டை எடுத்து, தொப்பிக்குக் கீழே சாம்பல் நிறக் கல்லாக இருந்த இடத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.